எட்டுப் புள்ளி, எட்டு வரிசை

சகோதரிகளே,

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் நமக்கு லீவு கிடையாது. இது உங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. இட்லிப் பானையை இறக்குவதற்குள் ஆரம்பித்துவிடும்: "அம்மா, போனைக் குடு!" கொடுக்காவிட்டால் சண்டை. கொடுத்தாலோ, சாப்பாடு ஆறி அவலாய்ப் போனாலும் தலை நிமிராது.

என் மூத்தவன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். போன லீவில் ஒரு ராத்திரி விழித்துப் பார்த்தால், போர்வைக்குள்ளே நீலமாய் வெளிச்சம். மணி ஒன்றரை! கோபத்தில் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவனும் விடவில்லை. மறுநாள் பூரா சாப்பிடவில்லை; என்னோடு பேசவும் இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், "ரெண்டு பேருக்கும் பிடிவாதம் ஒரே அளவுதான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். இந்த மாதிரி சமயத்தில் ஆண்கள் வேறென்ன சொல்வார்கள்!

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. என் தம்பி வந்தான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்து, மணலியில் மீட்டர் பழுது பார்க்கிறவன். விஷயத்தைக் கேட்டவன் மருமகனைத் திட்டுவான் என்று பார்த்தால், நேரே பரண்மேல் ஏறினான். பழைய துணி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினான். உள்ளே, அவன் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் அப்பா பர்மா பஜாரில் வாங்கிக் கொடுத்த டி.வி. கேம்! இரண்டு கைப்பிடி, நாலைந்து மஞ்சள் கேசட்.

வடசென்னைக்காரர்களுக்கு பர்மா பஜாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1960களில் பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்த தமிழர்கள், துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலை ஓரமாகப் போட்ட கடைகள்தானே! எங்கள் சடையங்குப்பத்திலேயே பர்மா நகர் இருக்கிறது. 1990களில் ஊரெல்லாம் பிள்ளைகள் டி.வி. முன்னால் உட்கார்ந்து ஆடிய பெட்டிகள் பெரும்பாலும் அந்த மாதிரிக் கடைகளில் வாங்கியவைதான். ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் 'ஃபேமிகாம்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அதைப் பார்த்து மற்ற ஊர்களில் செய்த நகல்கள்தான் நமக்கு வந்து சேர்ந்தன.

தம்பி நாலு திருகாணியைக் கழற்றி உள்ளே காட்டினான். "பாருடா, இந்த ஜாதிப் பெட்டி கணக்குப் போடுவதற்கு வைத்திருக்கும் ஞாபக இடம் மொத்தம் 2 கிலோபைட்தான். அதாவது 2,048 எழுத்து எழுதுகிற இடம். உன் அம்மா போன்ல 4 ஜி.பி. இருக்கு. இதைப் போல 20 லட்சம் மடங்கு. ஆனா இதை வச்சுக்கிட்டுதான் ஓடுறது, குதிக்கிறது, பாட்டு எல்லாம்."

பையன் இரண்டு நாள் மௌனத்தைக் கலைத்துவிட்டு, "அதெப்படி மாமா முடியும்?" என்று கேட்டான்.

"செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்" என்றான் தம்பி. எங்கள் வீட்டில் இந்தப் பைத்தியம் பிடித்தது இப்படித்தான்.

இது எங்கள் வீட்டுப் பைத்தியம் மட்டுமல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய மாதிரி விளையாட்டுப் பெட்டிகளைத் தங்கள் கையாலேயே செய்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அதில் இரண்டு வகை. 2012-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரை ஒரு பெட்டிக்குள் பொருத்தி, பழைய விளையாட்டுகளை அதில் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. பெட்டியையும் செய்து, அதில் ஓடுகிற விளையாட்டையும் தாங்களே எழுதுகிறவர்கள் இன்னொரு வகை. 2014-ல் கெவின் பேட்ஸ் என்ற அமெரிக்கர் விசிட்டிங் கார்டு அளவில் ஒரு விளையாட்டுப் பெட்டி செய்து காட்டினார். அதிலிருந்து வந்ததுதான் 'ஆர்டுபாய்'. அதற்கென்று விளையாட்டு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். முதல் வகை, ஓட்டலில் வாங்கி வீட்டுப் பாத்திரத்தில் வைத்துச் சாப்பிடுகிற மாதிரி. இரண்டாவது வகைதான் வீட்டுச் சமையல். "நாம வீட்டுச் சமையலே செய்வோம்" என்றான் தம்பி.

ஒரு சனிக்கிழமை மூவரும் கிளம்பினோம். விம்கோ நகரில் மெட்ரோ ரயில் ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் அண்ணா சாலைப் பக்கத்திலேயே ரிச்சி தெரு. மிக்ஸி ரிப்பேருக்குக்கூட நான் அங்கே போனதில்லை. அப்பப்பா, அரிசி மண்டியில் மூட்டை மாதிரி வயரும் சிப்பும் குவிந்து கிடக்கிறது! செலவுக் கணக்கு எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. உங்களுக்கும் உபயோகப்படும் என்று கொடுக்கிறேன், எங்கள் பில் இது.

ஆர்டுயினோ நானோ என்ற சர்க்யூட் அட்டை ரூ. 300. தீப்பெட்டியைவிடச் சின்னத் திரை ரூ. 250. பொத்தான்கள் ஐந்து ரூ. 25. 'கீங்' என்று கத்துகிற பஸர் ரூ. 20. ஓட்டை போட்ட அட்டை ரூ. 40. மூன்று பென்டார்ச் பாட்டரி வைக்கும் கூடு ரூ. 30. பற்றவைக்கும் கருவியும் ஈயக் கம்பியும் ரூ. 350. ஆக ரூ. 1,015. கருவி ஒருமுறை வாங்குவதுதானே. வீட்டில் அறுந்த வயரையெல்லாம் இப்போது அதில்தான் ஒட்டுகிறோம். கம்ப்யூட்டருக்கு, என் நாத்தனார் ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் தூசி தட்டி வந்தது. எழுதுவதற்கான மென்பொருளுக்குக் காசில்லை.

பற்றவைக்கிற வேலையைச் சின்னவள், ஆறாவது படிக்கிறவள், கேட்டு வாங்கிக்கொண்டாள். என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "பொம்பளைப் புள்ளைக்கு ஏன் இந்த நெருப்பு வேலை?" என்றார். "ஆயா, நான் சப்பாத்தி சுட்டா மட்டும் நெருப்பு இல்லையா?" என்று கேட்டது அது. ஆயா வாயடைத்துப் போனார்.

இதில் எனக்கு என்ன வேலை என்கிறீர்களா? அதுதான் வேடிக்கை!

விளையாட்டில் வருகிற உருவங்களை வரைய வேண்டும். ஓர் உருவத்துக்கு எட்டுக்கு எட்டு, 64 புள்ளிதான். எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைய வேண்டும், அவ்வளவுதான் படம். பையன் ஒரு மணி நேரம் போராடி ஒரு குடம் வரைந்தான். பார்த்தால் பூசணிக்காய் மாதிரி இருந்தது. "இப்படிக் குடுடா. எட்டுப் புள்ளி எட்டு வரிசை, நேர்ப்புள்ளிக் கோலம்தானே இது!" என்று பென்சிலை வாங்கினேன். நாற்பது வருஷமாய் வாசலில் போடுகிறோம், நமக்கா தெரியாது?

நீங்களும் கணக்கு நோட்டுக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாக எட்டுக் கட்டங்களுக்கு 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. நிரப்பிய கட்டங்களின் மதிப்பை மட்டும் கூட்டினால் அந்த வரிசைக்கு ஓர் எண் கிடைக்கும். குடத்தின் வாய் நடுவில் நாலு கட்டம்: 32, 16, 8, 4, கூட்டினால் 60. கழுத்து இரண்டு கட்டம்: 16, 8, ஆக 24. இப்படியே தோள், வயிறு, அடி என்று வந்தால், முழுக் குடமும் 60, 24, 60, 126, 255, 255, 126, 60. எட்டே எண்கள். அதை லேப்டாப்பில் அடித்து அனுப்பியதும், தீப்பெட்டித் திரையில் என் குடம் எரிந்ததே, பார்க்க வேண்டும்! முதல் குழந்தை முதல் அடி வைத்த மாதிரி எல்லோரும் கத்தினோம்.

கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் முடிச்சுப் போடுகிறாளே என்று சிரிக்காதீர்கள். தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்காரர்களான கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியும், அவர்களோடு கமலா கிரித்திவாசனும் கோலத்தைக் கம்ப்யூட்டர் இலக்கணமாக எழுதி 1974-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். மூவரில் இருவர் பெண்கள்!

நாலு நாள் நன்றாகப் போயிற்று. ஐந்தாம் நாள் திரை எரியவில்லை. பாட்டரி மாற்றினோம், வயரைத் தொட்டுப் பார்த்தோம், ஒன்றும் பலிக்கவில்லை. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று பையன் குதித்தான். திரும்ப ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் வேறு அட்டையில் மாட்டிக் காட்டினார். திரை பளிச்சென்று எரிந்தது! "தம்பி, திரை நல்லாத்தான் இருக்கு. நீங்க எழுதினதுல எதையோ ரொம்ப அடைச்சிட்டீங்க" என்றார். தலைகுனிந்து திரும்பினோம்.

என் தம்பி விளக்கியபோது எனக்குச் சட்டென்று புரிந்தது. அந்தச் சிப்பில் இரண்டு இடம் இருக்கிறதாம். ஒன்று 32 கிலோபைட்; கரண்ட் போனாலும் அழியாது. அது பரண். இன்னொன்று 2 கிலோபைட். ஆடும்போது அவசரத்துக்கு வைத்து எடுக்கிற இடம். அது சமையல் மேடை. திரையில் 128-க்கு 64 புள்ளிகள்; எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 1,024 பைட். படம் காட்டுவதற்கே பாதி மேடை போய்விட்டது. மீதி இடத்தில் இவன் "வெற்றி", "தோல்வி", "மறுபடி ஆடு" என்று இங்கிலீஷில் எழுதிய வாசகங்கள், என் கோலப் படங்கள் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறான். திரை தனக்கு வேண்டிய 1,024-ஐக் கேட்கும்போது இடமில்லை, அதனால் இருட்டு.

"மாறாத சாமானை எதுக்குடா மேடையில வச்சிருக்கே? பரண்ல போடு, வேணும்போது எடு" என்றேன். தம்பி கைதட்டினான். "அக்கா, அதேதான்!" ஒவ்வொரு வாசகத்துக்கும் படத்துக்கும் முன்னால் 'இது பரணில் இருக்கட்டும்' என்று ஒரு சின்னக் குறிப்பு எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதினதும் திரை எரிந்தது.

அன்றைக்கு ராத்திரி தம்பி பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னான். கதை அல்ல, நடந்தது. கரோல் ஷா என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி, 1978-ல் அடாரி கம்பெனியில் விளையாட்டு எழுதச் சேர்ந்தவர். அடாரிப் பெட்டியில் ஞாபக இடம் 128 பைட்தான். எங்கள் மேடையில் பதினாறில் ஒரு பங்கு! 1982-ல் ஆக்டிவிஷன் கம்பெனிக்காக அவர் 'ரிவர் ரெய்ட்' என்று ஒரு விளையாட்டு எழுதினார். விமானம் போகப் போக, வளைந்து பிரிந்து சேர்ந்து ஓர் ஆறு வந்துகொண்டே இருக்கும். அவ்வளவு நீள ஆற்றையும் படமாக வைக்க 4 கிலோபைட் கேசட்டில் இடமேது? அந்த அம்மாள் ஆற்றை வரைந்து வைக்கவில்லை. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணை வரவழைக்கிற கணக்கை எழுதி வைத்தார். அந்தக் கணக்கே ஆற்றை வரைந்துகொண்டு போகும். கோலப் புத்தகத்தைத் தூக்கித் திரியாமல், கம்பி போடுகிற முறையை மட்டும் மனசில் வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி.

சின்னவள் ஆயா பக்கம் திரும்பி, "பார்த்தியா?" என்றாள். ஆயா, "பார்த்தேன், பார்த்தேன், தூங்கு" என்றார்.

பையன் அதையே பிடித்துக்கொண்டான். "மாமா, நம்ம ஆட்டத்துல தண்ணியைப் படமா வைக்க வேணாம். எவ்ளோ உசரம்னு ஒரு நம்பர் போதும். அதுலேருந்து கீழே கோடு போட்டுக்கலாம்."

அப்போதுதான் நான் கேட்டேன், "எந்தத் தண்ணிடா?"

அது வெள்ளத் தண்ணீர். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வெளியூர் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் எண்ணூர் கழிமுகத்தில் போய்ச் சேரும் தாழ்வான இடம். அந்த வருஷம் மழைத் தண்ணீரோடு கச்சா எண்ணெயும் கலந்து, கழிமுகம் ஓரமெல்லாம் கறுப்பாகப் படிந்தது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்து, ராத்திரியோடு ராத்திரியாக இடுப்புக்கு ஏறியது. டார்ச் வெளிச்சத்தில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் பரணில் ஏற்றினோம். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயசு.

அதுதான் அவனுடைய விளையாட்டு. கீழேயிருந்து தண்ணீர் ஏறும். ஒரு சின்ன உருவம் ஒவ்வொரு சாமானாகத் தூக்கிப் பரணில் வைக்க வேண்டும். பரணில் எட்டுச் சாமான்தான் கொள்ளும்.

எந்த எட்டு என்று வீடே உட்கார்ந்து சண்டை போட்டோம். என் வீட்டுக்காரர், காஸ் சிலிண்டரும் பத்திரப் பையும் என்றார். ஆயாவுக்கு அரிசி டிரம்மும் தாத்தா போட்டோவும். சின்னவளுக்கு ஸ்கூல் பை. எனக்குத் தையல் மிஷின். பிறகு குடம். ஏழாயிற்று. எட்டாவது என்ன என்று கேட்டால் பையன் பேசவில்லை. மறுநாள் அவனே வரைந்து, எட்டு எண்களையும் எழுதி வைத்திருந்தான். கோணல் மாணலாக இருந்தாலும் தெரிந்தது. கோழி. எல்லாச் சாமானுக்கும் பத்துப் புள்ளி. கோழிக்கு மட்டும் நூறு.

"இதுக்கு ஏண்டா இவ்ளோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"அன்னைக்கு நீ என்னைத்தான் கோழிக் கூண்டைத் தூக்கச் சொன்னே. நான் டி.வி. பெட்டியைத் தூக்கினேன்" என்றான்.

எனக்கு அப்படியே கை ஓய்ந்துவிட்டது. அன்றைக்கு நாலு கோழி போயிற்று. காலையில் பார்த்து, "போனாப் போவுது, உசிரு பொழைச்சமே" என்று நான் அன்றே மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போர்வைக்குள்ளே வெளிச்சம் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்த பிள்ளையை நான் போன் பைத்தியம் என்று மட்டும்தான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து குடம் வரைந்திருக்காவிட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது.

"உன் மேல தப்பில்லடா. இருட்டுல நான் எத்தனை சாமான் பேர் சொன்னேன்னு எனக்கே தெரியாது" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாப்பிடும்போது இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினான்.

உங்கள் வீட்டிலும் முயற்சி செய்கிறவர்களுக்கு, அடிபட்டுக் கற்றதில் சில:

பற்றவைக்கும் ஈயக் கம்பியில் காரீயம் கலந்திருக்கும். ஜன்னல் ஓரமாக உட்காரட்டும். சாப்பிடும் தட்டு பக்கத்தில் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கிற அறையில் அந்த வேலையே வேண்டாம்.

பட்டன் பாட்டரி போட்ட மாதிரிகளைத் தவிருங்கள். குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக் குழாயை அரித்துவிடும். தெரியாமல் விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

பழைய போனிலிருந்து கழற்றிய, உப்பிய பாட்டரியைத் தொடவே வேண்டாம்; அது தீப்பிடிக்கும். பென்டார்ச் பாட்டரி மூன்று போதும்.

முதல் விளையாட்டு சின்னதாக இருக்கட்டும். ஒரு புள்ளி நகர்ந்தாலே வெற்றிதான். பெரிதாக ஆரம்பித்தால் பாதியில் பெட்டி பரணுக்குப் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் உட்காருங்கள். நமக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். புள்ளி வைக்கத் தெரியும். இருக்கிற இடத்தில் சாமான் அடுக்கத் தெரியும். அது போதும்.

போன் பைத்தியம் அடியோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இன்னமும் கேட்கிறான். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், பிறகு போன் என் தலைமாட்டில் என்று ஒப்பந்தம். மாசத்தில் நாலு நாள் ஒப்பந்தம் மீறப்படுகிறது. ஆனால் பீரோப் பூட்டு தேவைப்படவில்லை.

கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம் பார்த்தால், எங்கள் மாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தீப்பெட்டித் திரையைக் கண்ணருகே பிடித்து ஆடிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் ஏறுகிறது. அவர் சிலிண்டரைத் தொடவில்லை, பத்திரத்தைத் தொடவில்லை. "முதல்ல கோழியை எடுப்போம்டா கண்ணு" என்கிறார். பக்கத்தில் பையன், "அப்படித்தான் ஆயா, அப்படித்தான்!" என்று கத்துகிறான்.

அடுத்த முறை சந்திக்கும்வரை,

உங்கள் சகோதரி,
சடையங்குப்பம்.